மூடி வைத்த மடிக்கணினி, திறந்து வைத்த போர்ட்

என் வலைத்தளம் அலமாரியின் மேல்தட்டில், ஒரு தடித்த அகராதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீல் உடைந்து, திரையில் பாதி கறுத்துப்போன பழைய மடிக்கணினி அது. எப்போதும் மூடியேதான் கிடக்கும். எங்கிருந்தாவது யாராவது என் பக்கத்தைத் திறந்தால் அந்தக் கோரிக்கை கடைசியில் அந்தத் தட்டுக்குத்தான் வந்து சேரும். பக்கத்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும்.

ஒருநாள் அம்மா அலமாரியைத் துடைக்கும்போது அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். பேட்டரி இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தது, அப்புறம் அணைந்துவிட்டது. தளம் திறக்கவில்லை என்று நண்பன் ஒருவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். கேட்டபோது அம்மா, "மூடித்தானேப்பா கிடக்கு, யாரும் தொடறதுகூட இல்ல, எதுக்கு வீணா கரண்ட்டுன்னு எடுத்தேன்" என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. 1990ஆம் ஆண்டின் இறுதியில் செர்ன் ஆய்வகத்தில் வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை வழங்கியை, அதாவது கேட்பவர்களுக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் சர்வரை, ஒரு நெக்ஸ்ட் கணினியில் ஓடவிட்டபோது அவருக்கும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. கணினியின் மேல் ஒரு சீட்டை ஒட்டி, 'இந்த இயந்திரம் ஒரு சர்வர், இதை அணைக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதிவைத்தார். அன்றைக்கு வலை என்பதே அந்த ஒரு பெட்டிதான். நானும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். சிவப்புப் பேனா கிடைக்கவில்லை, பென்சிலில் எழுதினேன்.

இவ்வளவு பாடு எதற்கு, இலவசமாக எழுத ஆயிரம் இடம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அப்படி ஒரு இலவச இடத்தில்தான் நானும் ஆறு வருடம் எழுதினேன். ஒருநாள் அந்தச் சேவையை மூடப்போவதாக அறிவித்தார்கள். முப்பது நாள் அவகாசம். அறிவிப்பு வந்ததோ நான் பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு. நான் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எழுபது கட்டுரைக்குப் பக்கம் இருக்கும். இரண்டு மூன்றைத்தான் பழைய மின்னஞ்சல்களிலிருந்து மீட்க முடிந்தது. அவர்கள் மேல் பெரிய கோபமில்லை. ஜியோசிட்டீஸ் என்ற மாபெரும் இலவச வலைப்பக்கக் குடியிருப்பே அப்படித்தான் போனது. 1994இல் தொடங்கி, 1999இல் யாஹூ வாங்கி, 2009 அக்டோபரில் மூடினார்கள். லட்சக்கணக்கானவர்கள் கையால் கட்டிய பக்கங்கள். தன்னார்வலர்கள் சிலர் ராப்பகலாக நகலெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நான் எழுதியது இலவசமான இடம், கட்டற்ற இடமில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் என்பதால், 1983இல் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க இன்னும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்றால் காசு கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். கட்டற்ற மென்பொருள் என்றால் விரும்பியபடி ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதை எழுதியவர் நாளைக்கே கடையைச் சாத்தினாலும் என் கணினியில் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும். தளத்தை மறுபடி கட்டுவதென்றால் அந்த இரண்டாவது வகையில்தான் என்று முடிவு செய்தேன். எங்கே கட்டுவது? கையில் இருந்தது இந்த உடைந்த மடிக்கணினி.

அதில் டெபியன் நிறுவினேன். 1993இல் இயன் மர்டாக் தொடங்கியது, லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வடிவம். முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். பழைய கணினியில் கோபித்துக்கொள்ளாமல் ஓடும். நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் போதும். ஆனால் மூடியைச் சாத்தியதும் மடிக்கணினி தூங்கிவிடும், தூங்குகிற சர்வரால் பயனில்லை. கணினியின் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் அமைப்புக் கோப்பு ஒன்றில் மூடி தொடர்பான வரியை 'இக்னோர்' என்று மாற்றினால் தூங்காது. பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை: வருடக்கணக்கில் நூறு சதவீதத்திலேயே மின்னேறிக்கொண்டிருந்தால் பழைய பேட்டரி உப்பிவிடும். சில மாடல்களில் எண்பது சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லலாம். முடியாவிட்டால், கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றிவிடுவதே நல்லது. மாதம் ஒருமுறை நான் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன்.

அடுத்து நடந்ததை நான் மறக்கமாட்டேன். பைத்தான் நிரல்மொழியோடு சேர்ந்தே ஒரு சின்ன வலை வழங்கி வருகிறது. டெர்மினலில், கட்டளை தட்டும் திரையில், ஒரே வரி. எந்தக் கோப்புறையில் நின்று அதை அடிக்கிறோமோ அந்தக் கோப்புறை முழுவதையும் 8000ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணிட்ட கதவில், வலைத்தளமாகக் காட்டும். 'வணக்கம்' என்று மட்டும் எழுதிய ஒரு எச்டிஎம்எல் கோப்பை வைத்துவிட்டு அந்த வரியை அடித்தேன். செல்பேசியை அதே வைஃபையில் இணைத்து, மடிக்கணினியின் உள்முகவரியை, 192.168 என்று தொடங்குமே அதை, உலாவியில் தட்டினேன். வணக்கம் என்று வந்தது. அதே நொடியில் டெர்மினலிலும் ஒரு வரி விழுந்தது: இந்த முகவரியிலிருந்து, இத்தனை மணிக்கு, இந்தக் கோப்பைக் கேட்டார்கள், கொடுத்தேன், 200, அதாவது சரி.

இத்தனை வருடம் வலைத்தளம் என்றாலே ஏதோ பெரிய கட்டடத்தில், குளிரூட்டிய அறையில் நடக்கும் வித்தை என்று நினைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் ஒருவர் கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார், இன்னொருவர் எடுத்துக் கொடுக்கிறார். நூலகத்தில் நடப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மிச்சமெல்லாம் அதன் மேல் ஏற்றிய அலங்காரம். அன்றைக்கு ஒரு இருபது தடவையாவது செல்பேசியில் பக்கத்தைப் புதுப்பித்து, டெர்மினலில் வரி விழுவதை வேடிக்கை பார்த்திருப்பேன்.

அந்தச் சின்ன வழங்கியை ஊருக்குத் திறந்துவிடக் கூடாது. அதன் கையேடே அப்படி எச்சரிக்கிறது, பாதுகாப்புச் சோதனைகள் அதில் குறைவு. நிஜ வேலைக்கு அப்பாச்சி என்ற வழங்கி இருக்கிறது, 1995இலிருந்து. இகோர் சிசோயெவ் எழுதி 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் இருக்கிறது. சான்றிதழ் வேலையையும் (அதைப் பின்னால் சொல்கிறேன்) தானே பார்த்துக்கொள்ளும் கேடி என்ற வழங்கி இருக்கிறது. மூன்றும் கட்டற்றவை. நான் என்ஜின்எக்ஸ் எடுத்தேன். இன்றைக்குப் புதிதாகத் தொடங்குபவருக்கு கேடியைத்தான் சொல்வேன். அமைப்புக் கோப்பு நாலு வரியில் முடிந்துவிடும்.

எழுதும் கருவியில்தான் தடுமாறினேன். முதலில் வேர்ட்பிரஸ் போட்டேன். நல்ல மென்பொருள், கட்டற்றது, 2003இலிருந்து வளர்ந்துவருவது. ஆனால் ஒரு கட்டுரையைக் காட்ட அது பிஎச்பி என்ற நிரல்மொழியை எழுப்பி, தரவுத்தளத்தைக் கேட்டு, பக்கத்தைக் கோத்துக் கொடுக்கிறது. மாதம் நாலு கட்டுரை எழுதும் எனக்கு அது கதவைத் திறக்கவே மூன்று ஆள் வைத்த மாதிரி. கூடவே ஒவ்வொரு செருகுநிரலையும் விடாமல் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மாதத்தில் கழற்றிவிட்டு ஹூகோவுக்கு வந்தேன். கட்டுரைகளை வெறும் உரைக்கோப்பாக, மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதி வைத்தால் அது எல்லாவற்றையும் எச்டிஎம்எல் பக்கங்களாக ஒரே மூச்சில் அடுக்கித் தந்துவிடும். கேட்கும்போது புதிதாகச் சமைக்க ஒன்றுமில்லை, இருப்பதை எடுத்துக் கொடுப்பதுதான். ஹூகோ நாளைக்குப் பிடிக்காமல் போனாலும் உரைக்கோப்புகள் என்னிடம்தான் இருக்கும். எந்தக் கருவியில் போட்டாலும் வேகும்.

இதுவரை எல்லாம் வீட்டுக்குள்ளே. வெளியே கொண்டுபோவதுதான் வேலை.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண்கள் இருக்கும். வெளியுலகத்துக்குத் தெரிவது ரவுட்டருக்கு இணையச் சேவை நிறுவனம் கொடுத்த ஒரு பொது ஐபி முகவரி மட்டுமே. வீட்டிலிருந்து யாராவது வெளியே ஒன்றைக் கேட்டால் ரவுட்டர் அதைக் குறித்துவைத்து, பதில் வந்ததும் சரியான ஆளிடம் சேர்க்கும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்து கதவைத் தட்டினால் யாரைக் கூப்பிடுவது என்று அதற்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் போர்ட் ஃபார்வர்டிங். 80 (சாதாரண வலை இணைப்பு), 443 (பூட்டிய எச்டிடிபிஎஸ் இணைப்பு) ஆகிய இரண்டு போர்ட்டுகளுக்கு வருபவர்களை இந்த மடிக்கணினியிடம் அனுப்பு என்று ரவுட்டரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

சொல்லிவைத்தேன். வேலை செய்யவில்லை. ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன், ரவுட்டரைத் திரும்பத் தொடங்கினேன், என்ஜின்எக்ஸைக் கழற்றி மாட்டினேன். இரண்டு இரவு போயின. மூன்றாம் நாள்தான் ஒரு காரியம் செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அதன் வெளிமுகவரி என்னவென்று பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. 'என் ஐபி என்ன' என்று சொல்லும் தளம் ஒன்றில் பார்த்தால் முற்றிலும் வேறு எண்.

விஷயம் இதுதான். ஐபிவி4 என்ற பழைய முறையில் முகவரி மொத்தமே சுமார் 430 கோடி. மையக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். முகவரி பற்றாத இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கிவிடுகின்றன. அதற்கென்றே 2012இல் ஒதுக்கிய வரிசை 100.64 முதல் 100.127 வரை. இந்த ஏற்பாட்டை சிஜிநாட் என்பார்கள். என் ரவுட்டரின் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அதற்கு வெளியே, தெருமுனையில், எனக்குச் சாவி இல்லாத இன்னொரு கதவு இருந்தது. நான் என் வீட்டுக் கதவையே கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வழி இல்லாமல் இல்லை. பொது முகவரி வேண்டும் என்று நிறுவனத்தைக் கேட்கலாம். இணைப்பில் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரியே கிடைக்கும், நாட் என்கிற இந்த முகவரிப் பகிர்வுத் தொல்லையே வராது; ஆனால் ஐபிவி4 மட்டும் உள்ளவர்களால் உங்களைப் பார்க்க முடியாது. மூன்றாவது, வெளியே எங்காவது ஒரு சின்ன வாடகைச் சர்வரை எடுத்து, அங்கிருந்து வீட்டுக்கு வயர்கார்டு என்ற மென்பொருளால் ஒரு ரகசியச் சுரங்கம் போடுவது. வயர்கார்டு 2020இல் லினக்ஸின் மையக்கருவிலேயே (கெர்னல்) சேர்ந்துவிட்டதால் அமைப்பது எளிது. வருபவர்கள் அந்தச் சர்வரின் கதவைத் தட்டுவார்கள், அது சுரங்கம் வழியே வீட்டுக்கு அனுப்பும். அப்படியென்றால் அது வீட்டுத் தளமா என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். கோப்புகள் வீட்டில் இருக்கிறதா, அந்த வாடகைச் சர்வரை நாளைக்கே மாற்ற முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் வீட்டுத் தளம்தான், என்னைக் கேட்டால். நான் முதல் வழியில் போனேன். விண்ணப்பித்து ஒரு வாரம் கழித்துப் பொது முகவரி வந்தது. வீட்டு இணைப்பில் சர்வர் வைப்பதை சில நிறுவனங்களின் ஒப்பந்தமே அனுமதிக்காது, சில 80ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருக்கும். முதலில் அதைப் படித்துவிடுவது உத்தமம்.

முகவரி வந்த அன்று ஆசையாக அதை உலாவியில் தட்டினேன். என் தளம் வரவில்லை, ரவுட்டரின் கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்தது. நெஞ்சு திக்கென்றது. உலகம் முழுக்க இதைத்தான் பார்க்கிறதா? இல்லை. வீட்டுக்குள்ளிருந்தே வீட்டின் வெளிமுகவரியைத் தட்டினால் பல ரவுட்டர்கள் குழம்பி, தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். செல்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பார்த்தேன். வணக்கம் என்று வந்தது. வீட்டுத் தளத்தைச் சோதிக்க வேண்டுமானால் வீட்டுக்கு வெளியே போய்த்தான் பார்க்க வேண்டும்.

எண்ணுக்குப் பதிலாகத் தட்டும் டொமைன் பெயரை வாங்குவது சின்ன வேலை. ஆனால் வீட்டு இணைப்பின் முகவரி நிலையானதல்ல, ரவுட்டர் அணைந்து எழுந்தால் மாறலாம். அதற்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் என்ற நேரக்கருவி எழுப்பிவிடும் சின்ன நிரல் ஒன்று போதும்: முகவரி மாறியிருக்கிறதா பார், மாறியிருந்தால் பெயரையும் எண்ணையும் இணைக்கும் டிஎன்எஸ் பதிவில் போய்த் திருத்து. அந்தப் பதிவின் ஆயுளை 300 நொடி என்று குறைத்து வைத்தால் மாற்றம் சீக்கிரம் பரவும்.

அப்புறம் பூட்டு. முகவரிப் பட்டையில் பூட்டு வர, இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ் வேண்டும். ஒரு காலத்தில் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2015 இறுதியில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் அமைப்பு பொதுமக்களுக்குத் திறந்த பிறகு எல்லாருக்கும் இலவசமாகிவிட்டது. சான்றிதழின் ஆயுள் 90 நாள். செர்ட்பாட் நிரலை வைத்தால் அதுவே புதுப்பித்துக்கொள்ளும். எனக்கும் புதுப்பித்துக்கொண்டிருந்தது, நான் புத்திசாலித்தனம் காட்டும் வரை. எல்லாரும் எச்டிடிபிஎஸ்ஸில்தானே வருகிறார்கள், 80 எதற்கு என்று அந்தப் போர்ட்டை ரவுட்டரில் மூடினேன். சான்றிதழ் கொடுப்பவர்கள் 'இந்தப் பெயர் உன்னுடையதுதானா' என்று சோதிக்கும் வழக்கமான முறையில் தட்டிப் பார்ப்பது அந்த 80ஆம் போர்ட்டைத்தான். மூடிய கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சில வாரம் கழித்து என் தளத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் 'இது ஆபத்தான தளம்' என்கிற மாதிரி சிவப்பு எச்சரிக்கை. முன்பெல்லாம் சான்றிதழ் காலாவதியாகப் போகிறது என்று மின்னஞ்சல் அனுப்புவார்கள். 2025இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது 80 திறந்திருக்கிறது. அங்கே வருபவர்களை 443க்கு அனுப்புவதோடு சரி.

தளம் வெளியே தெரிந்த முதல் மணி நேரத்திலேயே என்ஜின்எக்ஸின் வருகைப் பதிவேட்டில் வரிகள் குவிந்தன. ஆகா, இத்தனை பேரா என்று குதூகலித்துப் படித்தேன். ஒருவர்கூட என் கட்டுரையைக் கேட்கவில்லை. எல்லாரும் வேர்ட்பிரஸின் உள்நுழைவுப் பக்கத்தைக் கேட்டார்கள். கடவுச்சொற்கள் அடங்கிய அமைப்புக் கோப்பு ஏதாவது தவறுதலாகக் கிடக்கிறதா என்று பார்த்தார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய ஏதோ மென்பொருளின் ஓட்டையைத் தேடினார்கள். அத்தனையும் தானியங்கி நிரல்கள். யாருக்குமே சொல்லாத முகவரி இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? கொடுக்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேடு ஒன்றில் ஏறுகிறது. போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிக்கச் செய்த நல்ல ஏற்பாடுதான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, புதுப் பெயர் விழுந்த நிமிடமே ஓடிவந்து தட்டுகிறார்கள்.

பயப்பட வேண்டியதில்லை, கவனமாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து கணினிக்குள் நுழைய வசதியாக இருக்கட்டும் என்று தொடக்கத்தில் எஸ்எஸ்எச் போர்ட்டையும் திறந்து வைத்திருந்தேன். ரூட், அட்மின், டெஸ்ட் என்று கற்பனைப் பெயர்களில் விடிய விடியக் கடவுச்சொல் ஊகித்துப் பார்த்திருக்கிறார்கள். மறுநாளே அதை மூடினேன். இப்போது எஸ்எஸ்எச் வீட்டுக்குள் மட்டும்தான், அதுவும் சாவிக்கோப்பு இருந்தால்தான். கடவுச்சொல் நுழைவே கிடையாது. பாதுகாப்புப் புதுப்பிப்புகளை டெபியன் தானே போட்டுக்கொள்ளும்படி அமைத்திருக்கிறேன். ரவுட்டரில் விருந்தினர் பிணையம் இருந்ததால் மடிக்கணினியை அதில் தள்ளிவிட்டேன். சில ரவுட்டர்கள் அங்கிருந்து போர்ட் திருப்ப விடாது, என்னுடையது விட்டது. யாராவது உள்ளே புகுந்தாலும் வீட்டின் மற்றக் கருவிகளை எட்ட முடியாது. வீட்டு ஐபியை வைத்து ஏறக்குறைய எந்த ஊர் என்று கணிக்க முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. புனைபெயரில், எதிர்ப்பு வரக்கூடிய விஷயங்களை எழுதுபவர் வீட்டில் சர்வர் வைப்பது சரியல்ல. ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன்.

தமிழில் எழுதுவதால் வரும் பாடு தனி. திஸ்கி, பாமினி என்ற பழைய எழுத்துரு முறைகளின் காலத்தை அனுபவித்தவர்களுக்கு இன்றைய நிலை சொர்க்கம். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அன்றைக்குப் பக்கமே கோலம் போட்ட மாதிரி கிடக்கும். யூனிகோடு வந்து அது தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். ஒரு கவிதையை வெறும் உரைக்கோப்பாகவே ஏற்றிப் பார்த்தேன், பழைய கோலம் திரும்ப வந்தது. எச்டிஎம்எல் பக்கமென்றால் 'நான் யூடிஎஃப்-8' என்று, யூனிகோடை எந்த முறையில் சேமித்தது என்பதை, தலையிலேயே எழுதியிருக்கும். உரைக்கோப்புக்குத் தலை ஏது? உலாவி ஊகித்தது, தப்பாக ஊகித்தது. என்ஜின்எக்ஸ் அமைப்பில் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்ததும் கவிதை வந்துவிட்டது.

யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல் பார்க்க மூன்றெழுத்து. கணினிக்கு அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, 15 பைட். கட்டுரைத் தலைப்பையே முகவரியாக வைத்தால் உலாவியில் அழகாகத்தான் தெரியும். அதை நகலெடுத்து யாருக்காவது அனுப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிந்து, 'தமிழ்' மட்டுமே 45 எழுத்தாகிவிடும். முழுத் தலைப்பென்றால் அரைப் பக்கம். அதனால் என் முகவரிகளில் ஆண்டும் வரிசை எண்ணும் மட்டும்தான்.

பார்வைக்கும் சில வேலை இருக்கிறது. ஆங்கிலத்துக்கென்று செய்த வார்ப்புருக்களில் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல்வரியின் காலும் கீழ்வரியின் கொம்பும் உரசும். எழுத்தின் அளவைப் போல் 1.8 மடங்கு வரை உயர்த்தினேன். சாய்வெழுத்தை ஒழித்தேன். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு கிடையாது, உலாவி தானாகத் தள்ளிவிட்டுச் சாய்க்கும், பார்க்க விழப்போகிற சுவர் மாதிரி இருக்கும். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற சொற்கள் செல்பேசித் திரையைத் தாண்டிப் போகாமலிருக்க, நீண்ட சொல்லை உடைக்கச் சொல்லும் ஒரு வரியை, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் சேர்த்தேன். நோட்டோ தமிழ் எழுத்துருவை வேறொரு தளத்திலிருந்து இழுக்காமல் என் மடிக்கணினியிலேயே வைத்திருக்கிறேன். கட்டற்ற உரிமத்தில் இருப்பதால் வைக்கலாம். என் பக்கத்தை யார் படிக்கிறார்கள் என்று மூன்றாவது ஆளுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நிறையப் பேர் வந்தால் வீட்டு இணைப்பு தாங்குமா என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கணக்கு. என் நீளமான கட்டுரை ஒன்று 60 கிலோபைட் வரும். ஏற்றுவேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் அது 1250 கிலோபைட். சுருக்காமலே அனுப்பினாலும் நொடிக்கு இருபது பேருக்குக் கொடுக்கலாம்; ஜிசிப்பில் சுருக்கினால் அதைப் போல் சில மடங்கு. எனக்கு ஒரு நாளில் இருபது பேர் வந்தாலே திருநாள். படங்களும் காணொளியும் குவிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

எட்டு மாதம் ஓடியது. ஒரு மாலை புதுக் கட்டுரையை ஏற்றப் போனேன். 'இங்கே படிக்கத்தான் முடியும், எழுத முடியாது' என்று மறுத்தது. ஹார்ட் டிஸ்க்கில் பிழை கண்டதும் லினக்ஸ் மேலும் சேதமாகாமலிருக்க அதைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும். தளம் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. பக்கங்கள் ஏற்கெனவே நினைவகத்தில் இருந்திருக்கும். பக்கத்தில் காதை வைத்தால் டிக், டிக் என்று சத்தம். எத்தனை நாளாக அப்படியோ.

உரைக்கோப்புகள் எல்லாம் 'கிட்' என்ற மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியில் இருந்தன. ஒரு பிரதி நான் எழுதும் கணினியில், இன்னொன்று நண்பன் வீட்டு வட்டில். அதைவிடவும் கைகொடுத்தது, முதல் நாளிலிருந்து எழுதிவந்த குறிப்பு. என்ன கட்டளை அடித்தேன், எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று கிறுக்கலாக ஓர் உரைக்கோப்பு. அப்போது அதை எழுதுவது எரிச்சலாகத்தான் இருந்தது. வேறொரு பழைய வட்டை மாட்டி, டெபியன் போட்டு, குறிப்பின் முதல் வரியிலிருந்து அப்படியே அடித்துக்கொண்டு வந்தேன். எழுத்துருவும் என்ஜின்எக்ஸும் ஹூகோவும் ஏறின. சான்றிதழைப் புதிதாகவே வாங்கிக்கொண்டேன்.

ஆனாலும் தளம் வரவில்லை. முக்கால் மணி நேரம் தேடினேன். புதிதாக நிறுவிய கணினிக்கு ரவுட்டர் வேறு உள்முகவரி கொடுத்துவிட்டிருக்கிறது. 80ஐயும் 443ஐயும் அது இன்னும் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. யாருமில்லாத வீட்டுக்குத் தபால் போட்ட மாதிரி. என் குறிப்பில் ரவுட்டர் பற்றி ஒரு வரிகூட இல்லை, மடிக்கணினியில் செய்ததை மட்டும்தான் எழுதியிருந்தேன். அந்த வரியையும் சேர்த்துவிட்டு, உள்முகவரி மாறாமல் ரவுட்டரிலேயே நிலையாகக் கட்டிவைத்தேன். மொத்தம் மூன்று மணி நேரம். ராத்திரி பத்தரைக்குச் செல்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்தேன். எல்லாக் கட்டுரையும் அதனதன் எண்ணில் இருந்தது. மாலையில் ஏற்ற வந்த புதுக் கட்டுரையையும் ஏற்றினேன்.

திரும்ப வராதது ஒன்றுதான், எட்டு மாத வருகைப் பதிவேடு. அதற்குக் காப்பு எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புதுப் பதிவேட்டில் முதலில் என் செல்பேசியின் வரிகள். அதற்கு அடுத்து, நாலு நிமிடம் கழித்து, எங்கிருந்தோ ஒரு தானியங்கி நிரல் வந்து வேர்ட்பிரஸ் உள்நுழைவுப் பக்கம் இருக்கிறதா என்று கேட்டிருந்தது. 404, அப்படி ஒன்றும் இல்லை, என்று பதில் போயிருக்கிறது.